ஆறு மணிக் கும்மி

மேலகரம்,
ஜூலை 14, ஞாயிறு இரவு.

அன்புள்ள அனுசியா அக்காவுக்கு,

உன் தங்கை சத்யபிரியா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நின்றுகொண்டே வேலை பார்த்து வீங்கிய உன் கால் இப்போது வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது பெரியப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ‘சாப்பிட்டேன், நல்லாருக்கேன்’ என்பதைத் தவிர நம்மால் ஒன்றும் பேச முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பெரியப்பா இருமினால் டார்ச்சை அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருக்கிற இடமெல்லாம் அவர் இருமிய இடம்.

அக்கா, நீ ஹாஸ்டலில் எங்காவது தனியாக உட்கார்ந்து படி. நான் இன்றைக்கு அம்மாவைப் பார்த்தேன்.

கிழித்துப் போட்டுவிடாதே. கடைசிவரை படி. அம்மா பேச்சை எடுத்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னையும் மில்லுக்கு அனுப்பிவிடுவதாகப் பெரியப்பா சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்மா ஜெயிலில் இருந்து வந்துவிட்டாள், தென்காசி பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கிறாள் என்று போன வருஷம் யாரோ சொன்னதுதானே நமக்குத் தெரிந்த கடைசிச் செய்தி. இனிமேல் அது பழைய செய்தி.

இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது. பெரியம்மாவுக்கு ஒரு மாதமாக ஒற்றைத் தலைவலி. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் போகும் என்று இன்று குற்றாலத்துக்குப் போனோம். அருவிக்குள் எண்ணெய் கூடாது என்பதால், போகிற வழியில் பெண்களுக்கு மட்டும் ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். அங்கேயே தேய்த்து, வாளித் தண்ணீரில் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அருவிக்குப் போக வேண்டும். பெரியப்பா ஆண்கள் பக்கம் போய்விட்டார். பெரியம்மா முக்காலியில் உட்கார்ந்து, எண்ணெய் விழுந்துவிடக் கூடாதென்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அவள் பின்னால் வந்து நின்றவளுக்குக் கழுத்தோடு வெட்டிய முடி. பச்சை மேல்சட்டை. கன்னத்தில் கொஞ்சம் சதை. யாரோ என்றுதான் நினைத்தேன். பெரியம்மா உச்சந்தலையில் கை இறங்கியதும் இடதுகைச் சுண்டுவிரல் மட்டும் வெளியே கோணிக்கொண்டு நின்றது. அப்பா இறந்த பிறகு பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்தாளே, அப்போது தக்காளிப் பெட்டி விழுந்து ஒடிந்த விரல்.

நம் அம்மா. அம்மாவும் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். அவள் கை அப்படியே நின்றது. பெரியம்மா கண்ணைத் திறக்காமலே, “என்னட்டி நிறுத்திட்டே? தேயி, நல்லாத்தான இருக்கு” என்று அதட்டினாள். அம்மா மறுபடி தேய்த்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிகிறது, வாய் சிரிக்கிறது. பெரியம்மாவோ சும்மா இருக்க மாட்டேன் என்கிறாள். “இதே மாதிரி கை ஒண்ணு எங்க வீட்லயும் இருந்துச்சு. கூறுகெட்ட மூதி, தன்னையே தொலைச்சுட்டா” என்றாள். அம்மா மூக்கால் பேசுகிற மாதிரி குரலை மாற்றி, “அப்படியாக்கா?” என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. பாவாடையை வாயில் கடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியம்மா தலை கழுவப் போன நேரத்தில் அம்மா என்னை முக்காலியில் உட்கார வைத்தாள். எத்தனாவது படிக்கிறேன் என்று கேட்டாள். பத்து என்றேன். “கணக்கு வருதா?” என்றாள். வராது என்றேன். “எனக்கும் வராது. ஆனா ஒரு கணக்கு மட்டும் தப்பாமச் சொல்லுவேன். இன்னையோட இருநூத்தி எழுபத்தஞ்சு” என்றாள். என்ன கணக்கு என்று கேட்டேன். “குடிக்காத நாளுட்டி” என்றாள்.

அக்கா, அப்போது அவள் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. வெற்றிலை வாசனை மட்டும்தான் வந்தது.

உன்னைப் பற்றியும் கேட்டாள். திருப்பூர் மில்லில் இருப்பதாகச் சொன்னேன். அதற்கு மேல் கேட்க வாயெடுத்தாள், அதற்குள் பெரியம்மா ஈரத்தலையோடு வந்து, வலி பாதி இறங்கிவிட்டது என்றும் இனி வெள்ளிக்கு வெள்ளி வருவதாகவும் இந்தப் பிள்ளைதான் தனக்குத் தேய்க்க வேண்டும் என்றும் சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனை. ஆகாத ஓரகத்தியிடம் பெரியம்மா வாராவாரம் போய்த் தலையைக் கொடுக்கப் போகிறாள், அது அவளுக்கே தெரியாது.

இந்த வீட்டு முகவரிக்குப் பதில் போடாதே. கீழே எழுதியிருப்பது என் வகுப்புத் தோழி மிஸ்ரியாவின் முகவரி. அவள் கொண்டுவந்து தருவாள். பெரியப்பா இருமுகிறார்.

உன் தங்கை,
சத்யா.


மேலகரம்,
ஆகஸ்ட் 18, ஞாயிறு இரவு.

என் அக்காவுக்கு,

உன் பதில் கிடைத்தது. ‘அவளைப் பத்தி எனக்கு எழுதாதே. என் சைக்கிள் எங்கேன்னு கேளு.’ அவ்வளவுதான் எழுதியிருந்தாய். முதல் வரிக்குக் கீழ்ப்படியாமல் இரண்டாவது வரிக்கு மட்டும் கீழ்ப்படிந்திருக்கிறேன். அதற்காக வந்து என் காதைத் திருகு.

நேற்று அம்மா இருக்கிற வீட்டுக்கே போய்விட்டேன். மிஸ்ரியாவோடு சேர்ந்து படிப்பதாகப் பெரியம்மாவிடம் சொன்னேன். பொய் சொல்லும்போது காது சிவக்கும் என்பார்கள், தலைமுடியை இழுத்து மறைத்துக்கொண்டேன். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வந்துவிடு என்றாள்.

வீடு ஐந்தருவிச் சாலையில் இருக்கிறது. போர்டு கிடையாது. மிஸ்ரியாவின் மாமி ஹைருன் பீவிதான் நடத்துகிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஜெயிலில் இருந்து வந்து, போக இடமில்லாமல் ரோட்டில் கிடந்து, குடியோ மாத்திரையோ விட முடியாமல் இருந்த பெண்கள் ஒன்பது பேர் அங்கே இருக்கிறார்கள். முதலில் ஆஸ்பத்திரியில் வைத்தியம், பிறகு இந்த வீடு, ஒரு வருஷம். அதற்குள் ஒரு வேலை பழக வேண்டும். அந்த எண்ணெய்க் கொட்டகை அவர்களுடையதுதான்.

நான் அழுகிற வீடு என்று நினைத்துப் போனேன். அது சிரிக்கிற வீடாக இருக்கிறது.

சாயங்காலம் ஆறு மணிதான் அவர்களுக்குக் கெட்ட நேரமாம். அந்த நேரத்தில்தான் உடம்பு குடியைக் கேட்குமாம், கை நடுங்குமாம். அதனால் ஆறு அடித்தால் யாரும் தனியாக இருக்கக் கூடாது, கையும் சும்மா இருக்கக் கூடாது. எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய்க் கும்மி அடிக்க வேண்டும். சாரல் அடித்தாலும் அடிக்க வேண்டும். ஹைருன் மாமி ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டித் தாளம் போடுவார்கள். அந்தத் தாளம் ஒரு தடவைகூடச் சரியாக இருக்காதாம். ஒருத்தி காலைத் தாங்கித் தாங்கி அடிப்பாள், ஒருத்தி பாட்டை மறந்துவிட்டு இட்லி மாவுக்கு அளவு சொல்லிக்கொண்டே அடிப்பாள். நம் அம்மா, எல்லாரும் வலப்பக்கம் சுற்றினால் இடப்பக்கம் சுற்றுகிறாள். நேற்று என்னையும் இழுத்து நடுவில் விட்டார்கள். பக்கத்து லாட்ஜ் பால்கனியில் நின்ற வெளியூர்க்காரர்கள் கை தட்டினார்கள். மாமி அவர்களைப் பார்த்து, “தட்டுறதுன்னா கீழ இறங்கி வந்து தட்டுங்கம்மா, இங்கன ஆள் பத்தலை” என்று கூப்பிட்டார்கள்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மறைத்தால் நீ நம்ப மாட்டாய். வந்த நாலாவது மாதம் அம்மா ஒரு நாள் தாங்க முடியாமல் யாருக்கும் தெரியாமல் கிளம்பி, சாராயக் கடை வரிசையில் போய் நின்றுவிட்டாளாம். முன்னால் ஆறு பேர். கொஞ்ச நேரத்தில் பின்னால் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருக்க, திரும்பினால் ஹைருன் மாமி. தலையில் முக்காடு, கையில் குடை. திட்டவில்லை, இழுக்கவும் இல்லை. “ஏட்டி மூக்கம்மா, நின்னு நின்னு கால் வலிக்கி. வாங்குறதுதான் வாங்குதே, எனக்கும் ஒண்ணு வாங்கு. எது நல்லாருக்கும்?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்களாம். முன்னால் நின்ற ஆறு ஆண்களும் வெட்கப்பட்டு ஒவ்வொருவராக நழுவிவிட்டார்களாம். கடைக்காரர், “அம்மா, கோடி புண்ணியம், நீங்க போங்கம்மா” என்று கும்பிட்டாராம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். குடிக்காமலே திரும்பி வந்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போதும் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள்.

இப்போது சைக்கிள். நீ சொன்னபடியே, “அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் எங்கே?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். நிறைய நேரம் வெங்காயம் உரித்தாள். பிறகு, “நான் வித்தது சைக்கிள் இல்லட்டி. அவ பன்னெண்டாங் கிளாஸை வித்துக் குடிச்சிருக்கேன்” என்றாள். போதையில் செய்தது, தெரியாமல் செய்தது என்று எதுவும் சொல்லவில்லை. கஞ்சாப் பொட்டலத்தைக் காய்கறி மூட்டைக்குள் வைத்துப் கேரள எல்லையில் புளியறைச் செக்போஸ்டைத் தாண்டப் போய்ப் போலீஸில் மாட்டியதையும் அப்படியே சொன்னாள். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நாம் பேசிக்கொள்வோமே, அது இல்லையாம். தெரிந்துதான் தூக்கினாளாம்.

அக்டோபர் பதிமூன்றாம் தேதியோடு அம்மாவுக்கு ஒரு வருஷம் முடிகிறது. அதோடு அந்த வீட்டை விட வேண்டும். மாமி இலஞ்சியில் ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கொட்டகை வேலை இருக்கிறது, சீசன் முடிந்தால் சமையல் வேலை. நானும் அவளோடு அந்த ரூமுக்கு வந்துவிடுவதாக அம்மாவிடம் சொன்னேன். நான் சொன்னதும் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? ஆனால் உடனே தலையை ஆட்டிவிட்டாள். “மூத்தவ வந்து, சரின்னு அவ வாயால சொல்லணும். அவ சொல்லாம உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன். நீ சின்னப் பிள்ளை, மறந்துருவே. அவ எல்லாத்தையும் பாத்தவ” என்றாள். நானும் மாமியும் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

ஆகவே அக்கா, எல்லாம் உன் கையில் இருக்கிறது. இப்போதே பதில் சொல்ல வேண்டாம். யோசி.

உன் தங்கை,
சத்யா.


மேலகரம்,
அக்டோபர் 6, ஞாயிறு இரவு.

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மிஸ்ரியாவை ஒவ்வொரு நாளும் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. போனில் நீ ‘நல்லாருக்கேன்’ என்று சொல்கிற குரலை வைத்து எதையாவது கண்டுபிடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

இந்த வாரம் நான் செத்துப் பிழைத்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் பெரியப்பா தட்டைத் தள்ளிவிட்டு, டீக்கடையில் யாரோ சொன்னதாகப் பேச்சை எடுத்தார். “அந்த எண்ணெய்க் கொட்டகையில நிக்கவளுவ எல்லாம் ஜெயிலுக்குப் போனவளுவளாம். நீ வெள்ளிக்கு வெள்ளி அங்கன போய்த் தலையைக் குடுத்துட்டு வாரே” என்று பெரியம்மாவைக் கேட்டார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். பெரியம்மா அசரவில்லை. “என் தலைவலி போயிருச்சு. ஜெயிலுக்குப் போகாதவ ஒருத்தி அதைப் போக்கிருந்தா அவகிட்டப் போயிருப்பேன். இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?” என்றாள். பெரியப்பா ரசத்துக்குத் தட்டை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் காலாண்டு லீவில் நான் வீட்டில் இருந்தேன். உனக்கு அன்று வேறொரு கடிதம் எழுதத் தொடங்கி, பாதியில் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். பெரியம்மா வெள்ளிக்கிழமைதான் புழுங்கலரிசி எடுப்பாள் என்று கணக்குப் போட்டேன். கணக்குதான் எனக்கு வராதே. வியாழக்கிழமையே தோசைக்கு நனைக்கப் பானையைத் திறந்துவிட்டாள்.

என்னைப் புறவாசலுக்குக் கூப்பிட்டாள். கையில் என் காகிதம். பள்ளிக்கூடம் போயிற்று, மில்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கல் மேல் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, மறுபடி ஒரு தடவை முதலிலிருந்து வாசித்தாள். பிறகு கேட்டாள், “நான் கண்ணை மூடிக்கிட்டு ஏமாளி மாதிரி உக்காந்திருந்தேன்னு எழுதிருக்கியே. யாருட்டி ஏமாளி?”

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கல்யாணமாகி இந்த வீட்டுக்கு அவ வந்த நாள்ல இருந்து பத்து வருசம் வெள்ளிக்கு வெள்ளி எனக்கு எண்ணெய் தேச்சவ உங்க அம்மா. அந்தக் கை தலையில பட்டதும் தெரியாதா? மொத நாளே தெரியும். கண்ணைத் திறந்தா பாத்துட்டேன்னு ஆயிரும். பாத்தா உங்க பெரியப்பாட்டச் சொல்லணும், எனக்குப் பொய் வராது. அதான் மூடிக்கிட்டேன். பதினோரு வெள்ளிக்கிழமை மூடிக்கிட்டேன், கண்ணே வலிக்கி.”

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். “அவளுக்கும் தெரியும். மூக்கால பேசுதா, மூதி. போன வாரம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, தும்முற மாதிரி நடிச்சேன்” என்றாள். அதைச் சொல்லும்போதே சிரித்தாள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அக்கா, இந்த வீட்டில் நம் அம்மாவை நினைத்து இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது எத்தனை வருஷத்துக்குப் பிறகு!

இவ்வளவும் பேசிவிட்டு, பெரியப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவர் தம்பி சாவுக்குப் பிறகு அம்மா இப்படி ஆனதில் அவருக்குக் கோபத்தை விட அவமானம்தான் அதிகமாம். தான் சொன்னால் கேட்க மாட்டார், ஆனால் மூத்த பிள்ளை வந்து நின்று சரி என்று சொன்னால் அவரால் மறுக்க முடியாது என்கிறாள் பெரியம்மா. “அனுசியா பேரைச் சொன்னாலே அவுக குரல் இறங்கிரும். அவளைப் படிக்க வைக்காம மில்லுக்கு அனுப்பிட்டோம்னு அவுகளுக்கு உள்ளுக்குள்ள இருக்கு” என்றாள். எனக்கு இது தெரியாது. உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

வருகிற பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கடைசி ஆறு மணி. வீட்டை விட்டுப் போகிறவள் அன்றைக்குக் கும்மியின் நடுவில் நிற்பாள். அவளுக்கு எதிரே அவளுடைய ஆள் ஒருத்தர் நின்று கை கொடுத்துத் தட்ட வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். ஆள் இல்லாதவளுக்கு ஹைருன் மாமி நிற்பார்கள். இதுவரை போன ஐந்து பேரில் நாலு பேருக்கு மாமிதான் நின்றார்களாம். நான் நிற்கட்டுமா என்று கேட்டேன். அம்மா என் கன்னத்தைத் தட்டிவிட்டு, அது மூத்தவளுடைய இடம், காலியாக இருந்தாலும் அவளுடைய இடம் என்று சொல்லிவிட்டாள்.

உன் மில்லில் ஆயுத பூஜைக்கு லீவு விடுவார்கள். பொரியும் இனிப்பும் கொடுத்து வெள்ளிக்கிழமை சாயங்காலமே அனுப்பிவிடுவார்கள் என்று போன வருஷம் நீதான் சொன்னாய். ராத்திரி பஸ் ஏறினால் விடிந்ததும் தென்காசி. பெரியம்மா பஸ் ஸ்டாண்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா, அம்மாவை மன்னித்துவிடு என்று சொல்ல நான் எழுதவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு வயசும் இல்லை. நான் சின்னப் பிள்ளையாகத் தூங்கிக்கொண்டிருந்த ராத்திரிகளில் நீ அவளை எந்தெந்தத் தெருவில் இருந்து தூக்கி வந்தாய் என்பது எனக்குத் தெரியாது.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ஒன்று பார்த்தேன். அங்கே உள்ள ஒரு அம்மாளைப் பார்க்க அவள் மகள் வந்திருந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை. ஒரு மணி நேரம் நின்றபடியே திட்டினாள். அடகு வைத்த கம்மல், நின்றுபோன கல்யாணம், எதையும் விடவில்லை. அந்த அம்மாள் குனிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. மகள் காபி குடிக்காமல் போய்விட்டாள். நான் நினைத்தேன், எல்லாரும் இவளைத் தேற்றுவார்கள் என்று. மற்ற எட்டுப் பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “குடுத்து வச்சவ” என்றார்கள். நம் அம்மா சொன்னாள், “எங்களைத் திட்டாத ஆளே இல்லை சத்யா. போலீஸ்காரங்க, கடைக்காரங்க, பஸ் ஸ்டாண்டு கூட்டுறவங்க, எல்லாரும் திட்டியாச்சு. பெத்த பிள்ளை வந்து திட்டினா அது வேற.”

அதனால் நீ சரி என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே வந்து பார்த்துவிட்டு, முடியாது என்றே சொல். எனக்கு ரூம் வேண்டாம், நான் இங்கேயே இருந்து படித்துக்கொள்வேன். பெரியம்மா இருக்கிறாள், எனக்கு முன்போலப் பயமில்லை. நீ மனசில் வைத்திருக்கிற அத்தனையையும் எடுத்துக்கொண்டு வா. ஒன்றையும் குறைக்காதே. அம்மா எதிரே நின்று, ஒரு மணி நேரமோ ஒரு நாளோ, உன் வாய் வலிக்கும்வரை அவளைத் திட்டிவிட்டுப் போ. அவள் அதற்காகத் தலை குளித்துக் காத்திருப்பாள்.

நம் அம்மாவைத் திட்டுவதற்கு நம் வீட்டில் ஆள் இருக்கிறது என்று அந்த எட்டுப் பேரும் பார்க்க வேண்டும் அக்கா. வா.

கால் வலிக்காமல், சன்னல் ஓரத்தில் இடம் கிடைத்து, பத்திரமாக நீ வந்து சேர வேண்டும் என்று இசக்கியம்மனை வேண்டிக்கொண்டிருக்கும்

உன் தங்கை,
சத்யா.